வராத காய்ச்சல்

தம்பி,

நீ தோற்கவில்லை, ஜெயித்திருக்கிறாய். நீண்ட கடிதத்தைப் பாதியில் மூடி வைக்கிற ஆள் நீ என்பதால் இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். மிச்சத்தையும் படித்தால் அப்பாவுக்குச் சந்தோஷம். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிற பிள்ளைக்குக் கிள்ளானிலிருந்து கடிதமா, ரயில் ஏறினால் ஒரு மணி நேரம்தானே என்று உன் அம்மா கேலி செய்கிறாள். நேரில் பேசினால் நான் சத்தம் போடுவேன், நீ தலையைக் குனிந்துகொள்வாய், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நீ வளர்ந்த நாளிலிருந்து நம் இரண்டு பேருக்கும் நடுவில் அப்படித்தான் நடக்கிறது. எழுதினால் நீ குறுக்கே எழுந்து போக முடியாது, நானும் கத்த முடியாது. என் கையெழுத்து புரியவில்லை என்றால் அக்காவிடம் கேள், அவளுக்குப் பழக்கம்.

இது உனக்கு எழுதுகிற கடிதம் என்றாலும் உனக்கு மட்டும் இல்லை. நம் தெருவின் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் போடப்போகிறேன். உன் ஆபீஸ் பெரியவர்கள் கையில் நீ கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, கொடுக்க வேண்டும் என்றே ஆசை. அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சில இடத்தில் விளக்கி எழுதுவேன், பொறுத்துக்கொள். மழை, வெயில், பழைய காய்ச்சல் கணக்கு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, எந்தத் தெருவில் டிங்கி கிளம்பும் என்று முன்கூட்டியே வரைபடத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் தீட்டுவது உன் வேலை. கிளம்பிய பிறகு போய் ஃபோகிங் புகை அடிப்பது இருபத்தெட்டு வருஷம் என் வேலை. ஒரே கொசுவைத்தான் இரண்டு பேரும் துரத்தியிருக்கிறோம், நீ முன்னால் நின்று, நான் பின்னால் ஓடி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியது இன்னும் காதில் நிற்கிறது. அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாய். பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம், பத்து நாள் இருக்கிறது, நன்றாக இருக்கிறாள் என்றேன். பிறகு, "நம்ம தெருவுக்கு நான் போட்ட செவப்பு தப்புப்பா. பத்துக்கு ஏழு வாய்ப்பு இருக்குன்னு சொன்னேன், ஒரு கேஸ்கூட வரல. நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கெழம மீட்டிங்ல நானே தப்புன்னு எழுதிக் குடுத்துடுறேன். இந்தத் தெரு தெருவா சொல்ற வேலையவே நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றாய். நான் என்ன பதில் சொன்னேன்? "சரிய்யா, சாப்ட்டியா?" என்றேன். சொல்ல வேண்டியது அது இல்லை. சொல்ல வேண்டியது ஒரு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. அதை எழுதத்தான் இந்தக் காகிதம்.

முதலில் என் வேலையைப் பற்றி. தெருவில் எங்கள் லோரி நுழைந்தால் எல்லோருக்கும் கொண்டாட்டம். சின்னப் பிள்ளைகள் புகைக்குள் ஓடுவார்கள், பெரியவர்கள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "பாஸ், எங்க வீட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் அடிங்க லா" என்பார்கள். வெள்ளையாக, சத்தமாக, நாற்றமாக ஏதோ நடக்கிறது என்றால் மனிதனுக்கு ஒரு தைரியம். அந்தப் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது, ஒரு வாரத்தில் அதெல்லாம் இறக்கை முளைத்துக் கிளம்பிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அடித்தேன். கேஸ் வந்த பிறகுதான் எங்களுக்கு உத்தரவு வரும். ஒருமுறை போர்ட் கிள்ளானில் ஒரு வீட்டு வாசலில் இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுப் பையன் ஆஸ்பத்திரியில் இருந்தான். அவன் அம்மா என்னிடம், "முந்தாநாளே வந்திருக்கக் கூடாதா அண்ணே?" என்று கேட்டார். "முந்தாநாள் யாருக்கும் காய்ச்சல் இல்லையே அக்கா" என்றேன். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதிலைச் சொன்னதற்கு எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அப்படிப்பட்ட நான், நீ இந்த வேலையில் சேர்ந்தபோது என்ன சொல்லியிருக்க வேண்டும்? முந்தாநாளே போய் நிற்க ஒரு வழி வந்துவிட்டது என்று துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதில், "என் மகன் ஜோசியம் பாக்கற வேலைக்குப் போறான்" என்று காப்பிக் கடையில் சொல்லிச் சிரித்தேன். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். சிரிப்பது மாதிரி நீயும் வாயைக் கோணினாய். வெயிலில் நின்று தோள் தேய்ந்தவனுக்கு, ஏர்கானில் உட்கார்ந்து கொசு பிடிக்கிற மகனைப் பார்த்துப் பொறாமை. அதைப் பொறாமை என்று ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை நாள் பிடித்திருக்கிறது.

போன வருஷம் நீ நம் தெருவுக்குப் பச்சை போட்டாய். வீட்டுக்கு வந்து போனில் அந்த வரைபடத்தைக் காட்டினாய். "பச்சைன்னா வராதுன்னு அர்த்தம் இல்லப்பா, வர்றதுக்கு வாய்ப்பு கம்மின்னுதான் அர்த்தம்" என்று அன்றைக்கே சொன்னாய். அம்மா சாட்சி. நான் காதில் வாங்கியது பச்சையை மட்டும். மூன்றாவது வாரம் உன் அக்காவுக்குக் காய்ச்சல். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாதம், புகுந்த வீடான ஜெஞ்சாரோமிலிருந்து லீவுக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். இரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. நீ வேலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாய். நான் உன்னைப் பார்த்து நடைபாதையில், அத்தனை பேர் முன்னால், "பச்ச பச்சன்னு சொன்னியே, போய்ப் பாரு உன் பச்சைய! பெத்த புள்ளய ஒன் கம்ப்யூட்டர நம்பிக் காவு குடுக்கச் சொல்றியா?" என்று கத்தினேன். நீ "சாரிப்பா" என்றாய், அவ்வளவுதான். அக்கா பிழைத்தாள். நீ அந்த மாதமே பிரிக்ஃபீல்ட்ஸில் அறை பார்த்துக்கொண்டு போனாய். ஆபீஸ் பக்கம் என்று காரணம் சொன்னாய். காரணம் ஆபீஸ் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது கேள். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், அவளுக்கு மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். நம் சமையலறை அலமாரியின் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமல் இருக்க அம்மா தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பாள், நாலு காலுக்கு நாலு கிண்ணம். அந்தக் கிண்ணங்களை வாராவாரம் தேய்த்துக் கழுவுவது என் பொறுப்பு. வேறு யாரும் தொடக் கூடாது, கொசு விஷயத்தில் நான்தான் இந்த வீட்டு அதிகாரி என்று நானே போட்ட சட்டம். தரையில் விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தேன். சுவர் ஓரமாக இருந்த பின்பக்கக் கிண்ணத்தில் புழு நெளிந்துகொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை. ரிட்டையர் ஆன பிறகு முழங்கால் வலிக்கிறது என்று முன்பக்கம் இரண்டை மட்டும் கழுவிக்கொண்டிருந்தேன். உன் பச்சையைப் பார்த்த பிறகு அதையும் விட்டுவிட்டேன். அந்தக் கிண்ணத்தில் பிறந்த கொசுதான் அக்காவைக் கடித்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. வேறு எங்கோ கடித்தது என்று சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.

கிண்ணத்தைக் கொட்டி, வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். நாலையும் கவிழ்த்துக் காயவைத்தேன். துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். நடைபாதையில் நீ நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே தப்பு நடந்தது என்று தேடிக்கொண்டிருந்தாய். நான் உன்னைத் தாண்டி நடந்து போனேன். எல்லாம் தெரிந்துகொண்டு தாண்டிப் போனேன் தம்பி. இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க வீட்லதான் ஜெந்திக், கொசுப் புழு இருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன், நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுப் புழுவைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பழி உன் தலையில் இருந்தது, எனக்கு அது வசதியாக இருந்தது. என்னை மன்னித்துவிடு. இதை நான் யாரிடமும் இதுவரை கேட்டதில்லை, எப்படிக் கேட்பது என்றும் சரியாகத் தெரியவில்லை.

இந்த வருஷத்துக்கு வருகிறேன். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அக்காவைத் தலைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். அடுத்த வாரம் கோயில் திருவிழா. தேர் நம் தெருவுக்கு வந்தது. எப்போதும் போல ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைத்தோம். மறுநாள் பெரிய சில்லை எல்லாம் அள்ளிப் போனார்கள். சிரட்டையோடு சிதறியது பாதி லோங்காங் சாக்கடை ஓரத்திலும் வேலியின் அடியிலும் கிடந்தது. பின்னாலேயே மழை. அப்போதுதான் நீ போன் செய்தாய். "மூணு வாரத்துக்குள்ள நம்ம தெருவுல டிங்கி கெளம்ப வாய்ப்பு அதிகம்பா. செவப்பு போட்டிருக்கேன். போன தடவ மாதிரி தப்பா இருந்தா திட்டிக்குங்க, ஆனா அக்காவ யோசிங்க" என்றாய். ஒரு வகை டிங்கி வந்து பிழைத்தவளுக்கு இரண்டாவது முறை வேறு வகை வந்தால் அது முதல் தடவையைவிட மோசமாகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வயிற்றில் பிள்ளை வேறு. அவளைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். ஜெஞ்சாரோமிலிருந்து அவள் டாக்டர் தூரம். தவிர, வலி எடுத்தால் அம்மா பக்கத்தில் வேண்டும் என்று அக்கா பிடிவாதம். அவள் இங்கேதான் இருக்கப்போகிறாள் என்றால் கொசுதான் போக வேண்டும்.

முனிசிபலில் என் பழைய சகாவைக் கூப்பிட்டேன். "கேஸ் இல்லாம ஃபோகிங் எப்படிண்ணே வரும்?" என்றான். நான் பயிற்றுவித்த ஆள், நான் சொன்ன அதே பதிலை எனக்கே திருப்பிக் கொடுத்தான். சரி, கோத்தோங் ரோயோங் போட்டு, எல்லோரும் சேர்ந்து நாமே கூட்டிப் பெருக்குவோம் என்று கோயில் மண்டபத்துக்குத் தெருக்காரர்களைக் கூப்பிட்டேன். நாற்பது வீட்டில் முப்பது வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். நீ சொன்னதைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டு ஃபிலோமினா ஆன்டி எழுந்துவிட்டார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிரியாரே அவர் முகத்தைப் பார்த்துத்தான் பிரசங்கத்தை முடிப்பார். "போன வருஷம் ஒங்க மவன் பச்சன்னு சொன்னான், ஒங்க மகதான் ஆஸ்பத்திரில கெடந்தா. இப்ப செவப்புங்கறான். எத நம்பறது அண்ணே?" என்றார். மண்டபம் முழுக்கத் தலையாட்டியது. நான் வெளியில் வீசிய பழி சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது. இரண்டாவது வரிசையில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்கேதான் சொன்னேன். "என் மவன் சொன்னது தப்பில்ல. புழு என் வீட்டுல இருந்துச்சு. என் கையால கழுவ வேண்டிய கிண்ணத்துல. நான் மறைச்சிட்டேன்" என்றேன். ஃபிலோமினா ஆன்டி மெதுவாக உட்கார்ந்தார். பிறகு, "ஃபோகிங் ஃபோர்மன் வீட்லயேவா?" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டவர், சட்டென்று எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் இரண்டு கைகளாலும் ஒரு பூச்சாடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். வீட்டில் மாதா சொரூபத்துக்கு முன்னால் வைக்கிற ஜாடி. "பாருங்கண்ணே, எங்க மாதாகிட்டயே இருக்கு" என்று என் முகத்துக்கு நேராக நீட்டினார். மண்டபமே சிரித்துவிட்டது. அதன் பிறகு ஒருவரையும் நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, அவரவர் வீட்டுக்கு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஒரு வருஷமா அந்தப் புள்ள தலையில போட்டுட்டு எப்படிங்க உங்களால சோறு திங்க முடிஞ்சிச்சு?" என்றாள். உன்னிடம் சொல்லாதே என்று கெஞ்சினேன். "நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இந்தப் புள்ள பொறக்கறதுக்கு முன்ன சொல்லிடணும்" என்று கெடு வைத்தாள். தெருவுக்கே சொல்லிவிட்டு உனக்கு மட்டும் சொல்லாமல் இருந்த காரணம் இப்போது புரிகிறதா? முப்பது வீட்டின் முன்னால் தலை குனிவதைவிட உன் ஒருவன் முன்னால் குனிவது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மூன்று வாரம் இந்தத் தெரு வேலை செய்ததைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும். எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் தன் லோரியைக் கொடுத்தார். அது நிறையச் சிரட்டை அள்ளினோம். ஓட்டுக்கூரையில் ஏறித் தகரக் கால்வாயில் அடைத்த இலையை எடுத்தோம். வெறும் தண்ணீரைக் கொட்டினால் போதாது, முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று வீடு வீடாகக் காட்டிக்கொடுத்தேன். என் பழைய தொழிலின் இன்னொரு வேலையையும் செய்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்த டின்னில் தண்ணீர் ஊற்றி, கொசு முட்டையிட ஒரு மரக்குச்சியை நிறுத்தி, தெருவில் இருபது இடத்தில் வைத்தேன். பின்பக்கம் லோங்காங்குக்கு அந்தப் புறம் உள்ள வீட்டு வரிசையிலும் இருபது வைத்தேன். அவர்களையும் வேலைக்குக் கூப்பிட்டேன். "காய்ச்சல் வந்தா ஃபோகிங் வரும் அங்கிள், டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை கேட்டதோடு ரோஷப்பட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவையும் போயிருக்கலாம், அது என் குறை.

முதல் வாரம் நம் பக்கத்து டின்களில் பதினாறில் முட்டை. அந்தப் பக்கம் பதினேழு. மூன்றாவது வாரம் நம் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் பதினெட்டு. அந்த வாரமே அந்த வரிசையில் ஐந்து பேருக்கு டிங்கி வந்தது. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் குணமாகி வீடு திரும்பினார்கள். நம் தெருவில் ஒருவருக்கும் வரவில்லை. இதைத்தான் நீ தப்பு என்று எழுதிக் கொடுக்கப்போகிறாயா? நீ சொன்னதால் நாங்கள் குனிந்து பார்த்தோம், பார்த்ததால் அது வரவில்லை. சொன்னதைக் கேட்டு நடந்தால் சொன்னது நடக்காது. உன் வேலையில் பெரிய வெற்றியெல்லாம் பார்க்கத் தோல்வி மாதிரிதான் இருக்கும் போல. புகை அடிக்கிறவனுக்காவது வெள்ளையாக ஏதோ தெரியும், உனக்கு அதுவும் இல்லை.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நான் முட்டாள் இல்லை. போன வருஷம் அம்மா அக்காவின் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு ஜோசியரிடம் போனாள். நேரம் சரியில்லை, கண்டம் இருக்கிறது, பரிகாரம் செய்யுங்கள் என்றார். கெட்டது நடந்தால் நான் சொன்னேனே என்பார், நடக்கவில்லை என்றால் பரிகாரம் காப்பாற்றியது என்பார். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவர் ஜெயிப்பார். "அப்பா, நீங்களும் அதே மாதிரிதானே பேசறீங்க?" என்று நீ கேட்பாய். இரண்டு நாள் இதையே யோசித்தேன். வித்தியாசம் இருக்கிறது. நீ நாள் சொன்னாய், தெருவைச் சொன்னாய், பத்துக்கு ஏழு என்று சொல்லி மூன்றை உனக்கு எதிராகவே ஒதுக்கி வைத்தாய். ஏன் வரும் என்பதையும் சொன்னாய். மழை, தண்ணீர், புழு என்று ஒவ்வொரு படியாகப் போய்க் கையைவிட்டுப் பார்க்க முடிந்தது. நடுவில் முட்டை குறைந்ததா இல்லையா என்று எண்ண முடிந்தது. குறையாமலேயே காய்ச்சலும் வராமல் போயிருந்தால், நீ சொன்னது தப்பு என்று நானே முதலில் சொல்லியிருப்பேன். ஜோசியரிடம் எண்ணிப் பார்க்க என்ன இருக்கிறது? உன்னைத் தப்பு என்று நிரூபிக்க நீயே வழி திறந்து வைத்திருக்கிறாய். அதுதான் உன் படிப்பின் பெருமை, அதை வைத்து நான் உன்னைக் கேலி செய்திருக்கிறேன்.

அதற்காக நிரூபணம் ஆகிவிட்டது என்றும் மார்தட்டாதே. ஒரு தெரு, ஒரு தடவை. பத்துக்கு மூன்று வாய்ப்பில் அது தானாகவே வராமல் இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்து வரிசையில் வேறு காரணத்தால் வந்திருக்கலாம். முழுசாகத் தெரிய வேண்டும் என்றால் பல தெருவுக்குச் சொல்லாமல் விட்டுப் பார்க்க வேண்டும். உன் அக்கா இருக்கிற தெருவில் அப்படி விட்டுப் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன், நீயும் மாட்டாய். அதனால் கொஞ்சம் தெரியாமலேயேதான் நாம் வாழ வேண்டியிருக்கிறது. உன் வரைபடம் தெருவைப் பற்றிப் பேசும், ஒரு வீட்டு அலமாரிக் காலடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தேர் வரும், தேங்காய் உடைப்போம் என்றும் அதற்குத் தெரியாது. அதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும், என்னை மாதிரி தெருத் தெருவாக நடந்தவர்கள் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை எழுந்து நின்று இப்படிச் சொல்: சிவப்பு போட்டேன், காய்ச்சல் வரவில்லை, இடையில் தெரு இதையெல்லாம் செய்தது, இதோ டின் கணக்கு. வெறும் தப்பு என்று எழுதினால் அது பொய். நீ பொய் எழுதுகிற பிள்ளை இல்லை, வீட்டில் அந்தப் பழக்கம் இருந்தது எனக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்த இடத்தில் எழுந்து போனேன். இப்போது சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன். அம்மா வைத்த கெடுவை நான் தாண்டிவிட்டேன். விடியற்காலையில் அக்காவுக்கு வலி எடுத்தது, ஏழரை மணிக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோவுக்கு மேல், நல்ல கறுப்பு முடி, ஊரைக் கூட்டுகிற குரல். அது என் குரல் என்கிறாள் அம்மா, பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. தாயும் பிள்ளையும் சுகம். டாக்டர் அதைச் சொன்னபோது நான் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போன வருஷம் உன்னைப் பார்த்துக் கத்திய அதே நடைபாதை. வெட்கமே இல்லாமல் அழுதேன், ஒரு நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ ரயில் ஏறிவிட்டதாக அம்மா சொன்னாள். நல்லது, இதைத் தபாலில் அனுப்பத் தேவையில்லை, கையிலேயே கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு என்மேல் கோபப்பட வேண்டும் என்றால் தாராளமாகக் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் முதலில் மேலே அக்கா இருக்கிற வார்டுக்குப் போ. வராமல் போன காய்ச்சலை யாரும் கண்ணால் பார்க்க முடியாது என்று உன் மீட்டிங்கில் யாராவது சொன்னால், அக்கா மடியில் நீ பார்த்தவன் என்று சொல். பிள்ளையைத் தூக்கும் முன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள். மண்டபத்தில் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் உன் அக்கா. "அவன்தான் மொதல்ல தூக்கணும், அதுவரைக்கும் யாருக்கும் தர மாட்டேன்" என்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், எனக்கும் தரவில்லை. சீக்கிரம் வா தம்பி, நான் உனக்கு அடுத்து வரிசையில் நிற்கிறேன்.

அப்பா